செருப்புக்கு ஆறு மணி நேர ஓய்வு

சுப்பராமன் அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு செருப்பு காலில் இருந்தது. இன்னொன்று கையில் இருந்தது. வாயில் சபதம் இருந்தது.

"இனிமே இந்தாத்துக்குள்ள பரீட்சை பண்ணாத செருப்பு ஒண்ணுகூட நுழையப்படாது. ஆமாம்!"

நீரஜா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கே அறுந்தது?"

"லஸ் முனையில. நட்ட நடு ரோட்டில. பெரிய அதிகாரியோட கார் நிக்கறது. கண்ணாடியை இறக்கிண்டு, 'என்ன சுப்பராமன், கையில என்ன?'ங்கறார்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"சாம்பிள் சார்னேன்."

அதில் பொய் அதிகம் இல்லை. கிண்டியில் கட்டடச் சாமான்களைச் சோதிக்கும் அரசாங்கக் கூடம் ஒன்றில் சுப்பராமனுக்குப் பதினாறு வருஷ உத்தியோகம். லாரி லாரியாகச் செங்கல் வந்து இறங்கும். அவர் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்வார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவார். இடுப்புயரத்திலிருந்து கீழே போடுவார். நகத்தால் கீறுவார். பிறகு இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டி, தம்புரா சுருதி பார்க்கும் பாடகர் போலக் கண்ணை மூடிக் கேட்பார். கணீரென்றால் பாஸ். பொத்தென்றால் லாரி திரும்பிப் போகவேண்டியதுதான். அவர் பாஸ் பண்ணிய கல்லால் எழும்பிய கட்டடங்கள் எல்லாம் ஊரில் கம்பீரமாக நின்றன. பாஸ் பண்ணியவர் மட்டும் இந்த ஒரு வருஷத்தில் ஐந்தாவது தடவையாக ஒற்றைச் செருப்போடு நின்றார்.

அதே வாரத்தில் வீட்டுக்கு ஒரு கடிதமும் வந்திருந்தது. நீரஜா கணக்கில் பி.எஸ்ஸி.; அதன்மேல் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். இரண்டு சான்றிதழும் ஒன்பது வருஷமாகப் பீரோவில் கூறைப்புடவைக்கு அடியில் பாச்சை உருண்டை வாசனையோடு படுத்திருந்தன. கூடப் படித்த ஒருத்தி தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை ஆகியிருந்தாள். கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போகிறாள், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று எழுதியிருந்தாள்.

சுப்பராமன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, நீரஜா. ஆனா வீடு தாங்காது."

"எது தாங்காது?"

"வீடு. நீ இந்தாத்துக்குத் தூண் மாதிரி. தூணை உருவி எடுத்துட்டு, கூரை அப்படியே நிக்கட்டும்னா நிக்குமோ? குழந்தைகள் ரெண்டும் ஸ்கூல்லேருந்து வரும். பால்காரன் வருவான். நேக்கு நேரத்துக்குக் காபி வேணும். தாங்காதுடி. பதினாறு வருஷ அனுபவத்தில சொல்றேன்."

"சோதிச்சுப் பாக்காமயே தெரியுமா?"

"சிலதெல்லாம் பாத்த உடனே தெரியும்."

தூண் கையை நீட்டியது. கடிதத்தை நான்காக மடித்தது. எட்டாக மடித்தது. கூடத்துக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டுக் காபி கலக்கப் போனது. மடிக்க மடிக்கக் காகிதம் கெட்டிப்படும் என்று சாமான் சோதிக்கிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சுப்பராமன் பாண்டி பஜாரில் கண்ணாடி அலமாரி வைத்த ஒரு கடையில் முப்பத்தெட்டு ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிவந்தார். பழுப்பு நிறம், பளபளப்பு. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. வந்ததும் சட்டையைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்தார்.

"ஏன்னா, என்ன பண்றேள்?"

"இருபத்துநாலு மணி நேரம் ஊறணும். குடிக்கிற தண்ணி எடையில அஞ்சில ஒரு பங்குக்கு மேல போகப்படாது. அதான் விதி."

"அது செங்கல்லுக்கு."

"விதி விதிதான். கல்லுக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணா?"

மறுநாள் வாளியில் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. செருப்பு பழுப்பு நிறத்தைத் தண்ணீருக்குத் தானம் செய்துவிட்டு வெளிறிப்போயிருந்தது. சுப்பராமன் அதை எடுத்து நகத்தால் கீறினார். நகத்தோடு தோல் வந்தது. இடுப்புயரத்திலிருந்து போட்டார். அடிப்பாகம் ஒரு பக்கமும் மேல்பாகம் ஒரு பக்கமும் விழுந்தன. மிஞ்சியதைக் காதோரம் தட்டிப் பார்த்தார்.

"கணீர்னு கேட்டுதா?" என்றாள் நீரஜா.

"அட்டை!" என்றார் சுப்பராமன். "உள்ளே அத்தனையும் அட்டை! பாத்தியா? சோதிக்காம காலில போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நாலு மாசம் நடந்திருப்பேள்."

கடைக்காரர் அதைத் திரும்ப வாங்க மறுத்ததோடு, செருப்பைச் சாம்பாரில் போட்டீர்களா என்றும் கேட்டுவிட்டார். சுப்பராமன் சோர்ந்துபோய் ஊஞ்சலில் உட்கார்ந்தார். நீரஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். ஊஞ்சல் லேசாக ஆடியது.

"எனக்கு ஒண்ணு தோணறது. சொல்லலாமா?"

"சொல்லேன்."

"கல்லு ஒரே இடத்தில கிடக்கும். அதை ஊறப்போட்டுப் பாக்கலாம். செருப்பு நடக்கற ஜாதி. நடந்துதானே பாக்கணும்?"

சுப்பராமன் நிமிர்ந்தார். இதை ஏன் தாமே யோசிக்கவில்லை என்று ஒரு கணம் வருத்தப்பட்டார். அடுத்த கணம், தாமே யோசித்ததுதான் என்று தீர்மானித்தார்.

"அதைத்தான் நானும் நினைச்சிண்டிருந்தேன். தினம் அஞ்சு மைலாவது நடக்கணும். மூணு மாசமாவது நடக்கணும். ஆனா நேக்கு ஆபீஸ் இருக்கே! யார் நடப்பா?"

நீரஜா ஒரு வெண்டைக்காயை முழுக்க நறுக்கி முடித்தாள்.

"வேணும்னா நான் நடக்கறேன்."

"நீயா?"

"ஒரே இடத்தில தச்ச செருப்புன்னா ஆம்பளை அளவு, பொம்பளை அளவுன்னு பேதம் உண்டோ?"

"ஒரே சூளைக் கல்லுன்னா அளவு முக்கியமே இல்லை!" என்றார் சுப்பராமன். உற்சாகத்தில் அவர் எழுந்ததில் ஊஞ்சல் எகிறி வெண்டைக்காய் கூடமெல்லாம் சிதறியது. "லஸ், எல்டாம்ஸ் ரோடு, தேனாம்பேட்டை, மவுண்ட் ரோடைத் தாண்டினா பாண்டி பஜார். போக ரெண்டரை மைல். வர ரெண்டரை."

"தியாகராய நகர் வரைக்கும் போகச் சொல்றேளா?" என்று நீரஜா தயங்கினாள். மிக அழகாகத் தயங்கினாள்.

"போய்த்தான் ஆகணும்."

"சரி. நீங்க சொன்னா போறேன். போன உடனே திரும்பிடணுமா?"

"கூடாது! அங்கேதான் எல்லாரும் தப்புப் பண்றா. ஒரு சுமையை ஏத்தினா இறக்கி, நேரம் குடுத்து, மறுபடி ஏத்தணும். தோலில வேர்வை இறங்கியிருக்கும். காயணும். ஆறு மணி நேர ஓய்வு. நிழல்ல."

"ஆறு மணி நேரம் நான் எங்கே இருப்பேன்?"

"எங்கேயாவது நிழலா ஒரு இடம் கிடைக்காதா, அவ்வளவு பெரிய ஊர்ல?"

"உக்காந்துண்டு இருக்கலாமா, நின்னுண்டே இருக்கணுமா?"

சுப்பராமன் கண்ணை மூடி யோசித்தார். "நிக்கறது விசேஷம். நடந்தா அது அசையும் சுமை. நின்னா நிலைச்சுமை. ரெண்டும் வேணும். முடிஞ்ச வரைக்கும் நில்லு."

"நின்னுண்டே பேசினா?"

"பேச்சுக்கு எடை கிடையாது."

நீரஜா வெண்டைக்காயைப் பொறுக்கினாள். பிறகு தேதி பார்க்கக் காலண்டர் பக்கம் போனாள். அவள் திரும்பி வந்தபோது காலண்டருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சுப்பராமன் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஸ்கேல் வைத்து நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டை அவர் பரிசோதனைக் கூடத்துப் படிவம் போலவே அமைத்தார். நாள். தூரம். குதிகால் கனம். வார் நிலை. கடைசியில், 'சுற்றுச் சூழ்நிலை'.

"இதில என்ன எழுதுவேள்?"

"வெயில், ஈரப்பதம், அது மாதிரி."

"ஆத்துல எப்படி இருந்ததுன்னும் எழுதுங்கோ. ஆத்துல ஏதாவது கோளாறுன்னா நான் கோபமா நடப்பேன். கோபமா நடந்தா குதி ஜாஸ்தி தேயுமோன்னோ?"

சுப்பராமன் பேனாவை நிறுத்தி மனைவியை ஆச்சரியத்தோடு பார்த்தார். ஆபீஸ் இன்ஜினியர்களுக்குக் கூடத் தோன்றாத நுட்பம். உடனே ஒரு கோடு இழுத்தார். 'வீட்டுச் சூழல்.'

ஜனவரி மூன்றாம் தேதி காலை எட்டேமுக்காலுக்கு நீரஜா கிளம்பினாள். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை. தோளில் பை. பையில் தயிர்சாத டப்பா, குடை, இன்னும் என்னவோ. முதல் மாதிரி, இன்னொரு கடையில் வாங்கிய தோல் செருப்பு. தெருமுனை வரை சுப்பராமன் கூடவே போய், அவள் அடி வைக்கும் அழகைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் திரும்பியபோது வாசலில் கோலம் இருந்தது. குழந்தைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். காபி நுரையோடு வந்தது. கனம் அளக்க அவர் சொந்தமாக வைத்திருந்த வெர்னியர் அளவுகோலால் குதியை அளந்து எழுதினார். வீட்டுச் சூழல்: வழக்கம்போல்.

மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே. ஒரு வாரம் போனதும் 'வழக்கத்தைவிட நன்று' என்று எழுதும்படி ஆயிற்று. நீரஜா சமைக்கும்போது பாட ஆரம்பித்திருந்தாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று சுப்பராமன் எழுதிக்கொண்டார். அவள் விரல்நுனியில் சில நாள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். கோலமாவு என்று நினைத்துக்கொண்டார். ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்த வெள்ளை அது. அதற்கு அவர் நோட்டில் கட்டம் இல்லை.

பக்கத்துப் போர்ஷனில் சண்முகவடிவு இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம், புருஷனுக்குத் தியாகராய நகரில் பாத்திரக்கடை. குழந்தைகள் நாலேகாலுக்கு வந்தால் நீரஜா வரும்வரை அரைமணி நேரம் அவள் வீட்டில்தான் இருக்கும்.

"ஏன் சார், அக்கா தெனமும் காலையில கிளம்பிப் போறாவளே, எங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். தெரிந்துகொண்டு கேட்கிற கேள்விக்கு ஒரு தனி இனிப்பு உண்டு.

சுப்பராமன் நின்று, அசையும் சுமை, நிலைச்சுமை, ஆறு மணி நேர ஓய்வு எல்லாவற்றையும் விளக்கினார். சண்முகவடிவு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கேட்டாள். தோள் குலுங்கியது. ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"எங்க புஷ்பம் கணக்குல முட்டைதான் வாங்கிட்டிருந்தா சார். இந்தத் தடவை அறுபத்திரண்டு வாங்கிருக்கா. எல்லாம் அக்கா செருப்புப் புண்ணியம்."

செருப்புக்கும் புஷ்பத்தின் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பாராட்டு என்று வந்துவிட்டால் மறுப்பது பண்பில்லை. "நம்மாலானது," என்றார்.

முதல் மாதிரி பதினாலாவது நாள் கட்டைவிரல் வாரில் விட்டுக்கொடுத்தது. இரண்டாவது, ரப்பர். இருபத்துமூன்று நாள் உழைத்துவிட்டு மவுண்ட் ரோட்டின் நடுவில் பிய்ந்தது. அன்று நீரஜா வெறுங்காலோடு வந்து சேர்ந்தாள். தார் ரோட்டுச் சூடு பாதத்தில் கொப்புளமாக இருந்தது. சுப்பராமன் வெர்னியரை எடுக்கவில்லை. தேங்காயெண்ணெயை எடுத்துவந்து தானே தடவினார்.

"போறும், நீரஜா. விட்டுடலாம். செருப்புக்காக உன் காலை வதைக்கவேண்டாம்."

நீரஜாவின் முகம் மாறியது. இத்தனை நாளில் அவள் பயந்தது அவருடைய கோபத்துக்கு இல்லை. இந்தக் கனிவுக்குத்தான். ஏப்ரல் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"உங்க கூடத்தில ரெண்டு சாம்பிள் பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுவேளா?"

"சேச்சே! குறைஞ்சது மூணு."

"அப்போ ஊருக்கு ஒரு நியாயம், ஆத்துக்கு ஒரு நியாயமா? அரைகுறை ரிப்போர்ட்டில உங்க கையெழுத்தா?"

சுப்பராமனுக்கு ரோமம் சிலிர்த்தது. எப்பேர்ப்பட்ட மனைவி!

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் பீர் முஹம்மதுவின் பட்டறைக்குப் போனார்கள். கண்ணாடி அலமாரி இல்லை. சாக்கு விரித்து அதன்மேல் பத்து ஜோடி. பளபளப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. சுப்பராமன் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். நகம் ஒடிந்தது. இரண்டைத் தட்டிப் பார்த்தார். டங்கென்றது.

"இன்னா சார், தேங்காயா வாங்க வந்தே, தட்டிப் பாக்கறே?" என்றார் பீர் முஹம்மது.

"எத்தனை நாள் உழைக்கும்?"

"இத்த பாரு. அடில கீறது லாரி டயரு. இந்த லாரி பெங்களூருக்கு நூறு தபா போய்க்கினு வந்துக்கினு இருந்திச்சு. உன் காலுக்குப் பயப்புடுமா? மேல எருமைத் தோலு. தையல் என் கை. நான் மௌத்தா பூட்டாலும் தையல் பிரியாது."

"தண்ணியில ஊறப்போடலாமா?"

பீர் முஹம்மது நீரஜாவைப் பார்த்தார். "ஏம்மா, சாருக்கு ஒடம்பு நல்லாத்தானே கீது?"

"நன்னா இருக்கார்," என்றாள் நீரஜா. "செங்கல் பாக்கற உத்தியோகம்."

அந்த மூன்றாவது மாதிரி நாற்பத்தைந்து நாள் நடந்தது. மாசி வெயிலில் நடந்தது; பங்குனியில் அறுபத்துமூவர் கூட்டத்தில் ஆயிரம் பேரிடம் மிதிபட்டது. வார் அசையவில்லை. குதியில் தேய்மானம் ஒரு தலைமுடிக்கனம்தான். அந்தத் தலைமுடியை வைத்துக்கொண்டு சுப்பராமன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெருக்கி வகுத்தார். விடை வந்ததும் அதன் கீழே இரட்டைக் கோடு போட்டார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை. நீரஜா அவர் முன்னால் ஒரு பொட்டலத்தை வைத்தாள். பீர் முஹம்மதுவின் செருப்பு. அவர் அளவில்.

"ரிப்போர்ட் வாசிக்கறச்சே போட்டுக்கோங்கோ."

சுப்பராமன் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். ஊரெல்லாம் கொஞ்சம் கீழே இறங்கியது போல இருந்தது. வீட்டுக்குள் செருப்பா என்று யாரும் கேட்கவில்லை. சண்முகவடிவும் புஷ்பமும் நிலைப்படியில் நின்றார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எண்பத்திரண்டு நாள் நேர்மையான சோதனைக்குப் பிறகு நாம் கண்ட முடிவாவது: பளபளப்பைப் பார்க்காதே, அடியைப் பார். ஒட்டினதை வாங்காதே, தைத்ததை வாங்கு. இந்த மாதிரிச் செருப்பு, தினம் ஐந்து மைல் வீதம், பதினோரு வருஷம் நாலு மாதம் உழைக்கும் என்று இதனால் சான்றளிக்கிறேன்."

சண்முகவடிவு கை தட்டினாள். வாழ்க்கையில் இப்படி ஒரு காலைப்பொழுது சுப்பராமனுக்கு வாய்த்ததில்லை.

"கையெழுத்துப் போடுங்கோ," என்றாள் நீரஜா. "தேதியும். உத்தியோகப் பேரும். ஒவ்வொரு பக்கத்துக்கும்."

போட்டார். எண்பத்திரண்டு நாளுக்கும் வாலை நீட்டிப் போட்டார். மை காய்ந்ததும் நீரஜா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நோட்டின்மேல் வைத்தாள். இது மடிப்பே இல்லாத புதுக் கடிதம். லீவில் போன டீச்சர் திரும்பி வரவில்லையாம். ஜூன் மாதத்திலிருந்து நிரந்தர வேலை. இந்த நாலு மாதத்தில் அவள் காட்டிய உழைப்பைத் தலைமை ஆசிரியை ஒரு முழு வாக்கியம் புகழ்ந்திருந்தாள்.

"இந்த நாலு மாசத்திலயா?" என்றார் சுப்பராமன். "நீ நடக்கத்தானே போனே?"

"நடந்துதான் போனேன். நடந்துதான் வந்தேன். நடுவில ஆறு மணி நேரம் நிழல்ல நிக்கச் சொன்னேள். நின்னேன். அந்த நிழலுக்குப் பேரு ஏழாம் கிளாஸ் பி செக்ஷன்."

"எங்க கிளாஸ்தான் மாமா!" என்றாள் புஷ்பம்.

சுப்பராமன் புஷ்பத்தைப் பார்த்தார். சண்முகவடிவின் முந்தானையைப் பார்த்தார். அந்த ஜலதோஷம் இன்னும் தீரவில்லை.

"நீரஜா, நாலு மாசம் வேற. நிரந்தரம்னா வேற. இதோ பார், வீடு தாங்..."

நீரஜா நோட்டைத் திறந்தாள். பாடம் நடத்தும் குரலில், அவசரமில்லாமல் படித்தாள். "மூணாம் தேதி. வீட்டுச் சூழல்: வழக்கம்போல். நாலாம் தேதி: வழக்கம்போல். பத்தாம் தேதி: வழக்கத்தைவிட நன்று. பதினேழாம் தேதி: மிக நன்று, ரசம் பிரமாதம்." ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "எண்பத்திரண்டு நாள்னா. ஒரு விரிசல்கூட இல்லை."

"சோதனை செருப்புக்குத்தானே!"

"செருப்பை நீங்க சோதிச்சேள். ஆத்தை நான் சோதிச்சேன். ரெண்டும் பாஸ்."

சுப்பராமன் கோபத்தில் காலைத் தரையில் ஓங்கி உதைத்தார். செருப்பு டங்கென்று, மிக நேர்த்தியாக ஒலித்தது.

"நன்னா உதையுங்கோ. தாங்கும். என் முதல் சம்பளத்தில வாங்கினது."

அவர் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்ல, ஜாக்கிரதையாக, ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "தினம் அஞ்சு மைல் நடக்கப்போறியா?"

"சோதனைதான் முடிஞ்சுடுத்தே! நான் இனிமே பஸ்ல போறேன். காலைல எனக்கு நேரம் இருக்காது. கறிகாய் வாங்கறதை மட்டும் நீங்க பாத்துக்கோங்கோ. அந்தச் செருப்பு அறுந்துபோற அன்னிக்கு விட்டுடலாம்."

ஒரு செருப்பு அறுந்துபோக எத்தனை நாளாகும் என்ற பழைய அனுபவத்தில், சுப்பராமன் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, இரண்டு கையிலும் பையோடு, மாட வீதியில் கத்தரிக்காய்க்காரி எதிரில் நிலைச்சுமையாக நின்றபோதுதான், எத்தனை நாளாகும் என்று தானே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது: பதினோரு வருஷம், நாலு மாதம்.